பாஸ்டர் பாலின் வாழ்க்கையை மலையகத்துப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

கொட்டகலை வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கமும் ஸ்தோத்திரமும். சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கிய பாஸ்டர் பாலைப் பற்றி எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் அடுத்த மாதம் பேசும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் இன்று வேறொரு சபையில் இருக்கிறோம். ஆனாலும் என் பாட்டனார் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றது அவர்களுடைய ஊழியக்காரர்கள் கூடி வாழும் விசுவாச வீட்டில்தான். அந்த நன்றி எங்கள் குடும்பத்தில் இன்னும் இருக்கிறது.

அவருடைய வாழ்க்கையின் முதன்மையான செய்திகளை உங்களில் பலர் அறிவீர்கள். 1881இல், இன்றைய கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில், ஓர் இந்துக் குடும்பத்தில் இராமன்குட்டி என்ற பெயரோடு பிறந்தார். சிறு வயதிலேயே வேலை தேடிக் கடல் கடந்து கொழும்புக்கு வந்து, ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் வீட்டில் வேலைக்கு அமர்ந்தார். வாலிபப் பருவத்தில் கிறிஸ்து தமக்குத் தரிசனமானதாகச் சாட்சி சொன்னார். ஞானஸ்நானம் பெற்றுப் பால் ஆனார், சீ.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனின் திருச்சபையில் உபதேசியாராக ஊழியம் செய்தார், பின்னர் அதை விட்டு விலகி 1920களின் முற்பகுதியில் இந்தச் சபைக்கு அடித்தளம் இட்டார். 1945இல் மறைந்தார்.

என்னுடைய சிக்கல் இதுதான். சிறு வயதில் நாங்கள் கேட்ட சாட்சியில், அவர் வேலைக்காரப் பையனாக இருந்த காலம் ஒரே வாக்கியத்தில் முடிந்து, அடுத்த வாக்கியத்தில் தரிசனம் வந்துவிடும். எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைக் கடந்து போக முடியவில்லை. என் அத்தை பன்னிரண்டு வயதில் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். இப்போது அவருக்கு அறுபது வயதுக்கு மேலாகிறது. எங்கள் வீட்டுக்கு வந்தால், யாராவது "உட்காருங்கள் அத்தை" என்று சொல்லும்வரை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருப்பார். சொல்ல மறந்துவிட்டால் குசினி (சமையலறை) வாசலில் போய்த் தரையில் அமர்ந்துவிடுவார்.

மலையகத்தில் நம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இப்படிப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த வாலிபர் கூட்டத்தில் அமரப்போகிறவர்களில் சிலருடைய தாய்மாரும் அவர்களில் அடங்குவர். அவர்களுக்கு முன்னால் இராமன்குட்டியின் வாழ்க்கையை எந்த இடத்திலிருந்து தொடங்குவது நேர்மையாக இருக்கும்?

பதுளை ஆசிரியை

தம்பி, நல்ல கேள்வி. வரலாறு கற்பிப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, அவர் தனியாக வழி தவறி வந்த ஒரு சிறுவன் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கேரளக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொழும்புக்கு வந்தார்கள். வீட்டு வேலை, கள்ளிறக்குதல், துறைமுகம், ரயில்வே, உணவுக்கடை எனப் பல தொழில்களில் அவர்கள் இருந்தார்கள். ஸ்ரீ நாராயண குரு 1918இலும் 1926இலும் இலங்கைக்கு வந்தபோது அவரைச் சூழ்ந்து நின்றவர்களில் இவர்களும் இருந்தார்கள். 1930களில் வேலையின்மை பெருகியபோது, ஏ. ஈ. குணசிங்கவின் தொழிலாளர் இயக்கம் மலையாளிகளுக்கு எதிராகத் திரும்பியது. அவர்களை வேலைகளிலிருந்து நீக்க வேண்டும் என்ற கோஷம் கொழும்புத் தெருக்களில் வெளிப்படையாகவே ஒலித்தது. அந்த ஆண்டுகளில் அதே நகரத்தில் ஒரு சபையின் தலைமைப் போதகராக இருந்தவர் ஒரு மலையாளி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தமிழரும் சிங்களவரும் பறங்கியரும் அவருடைய போதனையின் கீழ் அமர்ந்தார்கள். அவரோடு நின்று சபையை உருவாக்கி, அவருக்குப் பின் தலைமையை ஏற்றவர் அல்வின் ஆர். டி அல்விஸ்.

இரண்டாவதாக ஓர் எச்சரிக்கை. அவரை நம்மவர்களோடு ஒப்பிடும் ஆசையில் தோட்டத் தொழிலாளியாக ஆக்கிவிடாதீர்கள். கொழும்பு வீட்டு வேலைக்காரனுக்கும் தோட்டத்துத் தொழிலாளிக்கும் வேறுபாடு உண்டு. தோட்டத்துக்கு வந்தவர் ஆட்களைத் திரட்டி வேலை வாங்கும் பெரிய கங்காணியின் கடனுக்குள் வந்தார். ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். கடனைத் தீர்த்தால், அல்லது புதிய தோட்டம் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால் அந்த ஆளை விடுவதாகத் துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இராமன்குட்டிக்கு அந்தக் கட்டு இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போகவும், மறுபடி வரவும், எசமானின் வீட்டை விட்டு வேறு வழி தேடவும் அவரால் முடிந்தது. நம் பாட்டன்மாரால் அது முடியவில்லை. இந்த வேறுபாட்டையும் சொன்னால்தான் ஒப்புமைக்கு மதிப்பு இருக்கும்.

சபை தொடங்கிய ஆண்டைச் சிலர் 1923 என்றும் சிலர் 1924 என்றும் சொல்கிறார்கள். அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மஸ்கெலியா விசுவாசி

நான் அந்தச் சபையின் விசுவாசி. அமைதியாகவே சொல்கிறேன், மனம் நோகாமல் வாசியுங்கள்.

நீங்கள் இருவரும் எழுதியவற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையை வறுமையிலிருந்தும் வேலைக்காரத்தனத்திலிருந்தும் விளக்கப் புறப்பட்டால், அவர் எதற்காக வாழ்ந்தாரோ அது இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். கொழும்பில் ஆயிரம் வேலைக்காரப் பையன்கள் இருந்தார்கள். எல்லோரும் சபை தொடங்கவில்லை. அவரை எழுப்பியது அவர் கண்ட தரிசனம். எங்கள் சபையில் சாட்சி சொல்லும்போது முந்தைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்வது வெட்கத்தால் அன்று. மகிமை மனிதனுக்குப் போகாமல் தேவனுக்கே போக வேண்டும் என்பதனால்தான் அப்படிச் சொல்கிறோம். ஆகையால் தரிசனத்திலிருந்து தொடங்குங்கள். மற்றவை அதற்குப் பிறகு தாமாக வந்து பொருந்தும்.

கொட்டகலை வாசகன்

ஐயா, தரிசனத்தைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் எசமானின் குசினியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒருவனைத் தேடி ஆண்டவர் வந்தார் என்பதே அந்தச் சாட்சியின் பாரம் அல்லவா? அந்தக் குசினி கேட்பவர்களின் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அங்கே வந்தவருடைய இரக்கமும் தெரியாமல் போகும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

அப்புத்தளை மூத்தவர்

மஸ்கெலியாச் சகோதரர் சொன்னதில் பாதியோடு நான் உடன்படுகிறேன். மீதிப் பாதிக்கு ஒரு பழைய செய்தியைப் பதிலாகத் தருகிறேன்.

தோட்டங்களில் சுவிசேஷம் சொல்வதற்காக 1850களின் நடுவில் சீ.எம்.எஸ். சார்பில் ஏற்பட்ட அமைப்புக்கு அவர்களே வைத்த பெயர் தமிழ்க் கூலி மிஷன். பிற்காலத்தில் அந்தப் பெயரை மாற்றினார்கள். அந்த மிஷனால் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. என் தகப்பனார் எழுத்துப் படித்தது அவர்களுடைய தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான். ஆனால் அதற்குப் பணம் கொடுத்தவர்களில் துரைமாரும் இருந்தார்கள், போதித்த உபதேசியார் துரையின் அனுமதியோடு தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தவர், கேட்டவர்களோ பெயரிலேயே கூலிகள். பாலும் அதே சீ.எம்.எஸ்.ஸில் உபதேசியாராக இருந்தவர். அவர் அந்த அமைப்பை விட்டு வெளியேறியதை, அந்நிய பாஷை (ஆவியால் நிறைந்து அறியாத மொழியில் பேசுதல்), முழுக்கு ஞானஸ்நானம் ஆகிய உபதேச வேறுபாடுகளால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பது என் கருத்து. சம்பளம் கொடுக்கும் மிஷன் இல்லாமல், வெளிநாட்டுத் தலைமை இல்லாமல், ஓர் ஊழியக்காரன் ஆண்டவரை மட்டும் நம்பி நிற்க முடியும் என்று அவர் காட்டியதுதான் அந்தக் காலத்தில் பெரிய துணிவு.

அக்காலக் கொழும்பில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் ஒரே வழியாக வரவில்லை. டென்மார்க்கில் நாடக நடிகையாக இருந்து மிஷனரியாக மாறிய அன்னா லெவினி, அவருக்குப் பின் வோல்டர் கிளிபர்ட் ஆகியோரின் ஊழியத்திலிருந்து அசெம்பிளிஸ் ஒப் கோட் சபை வளர்ந்தது. 1926இல் ஸ்மித் விகிள்ஸ்வர்த் இங்கே வந்து கூட்டங்கள் நடத்தினார். அந்தப் பக்கத்தில் வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால் நின்றார்கள். பாலின் பக்கத்தில் தொடக்கம் முதலே நம் நாட்டவர்களும் அயலவர்களும் நின்றார்கள்.

இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று சொல்பவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டலாம். லொஸ் ஏஞ்சலிஸ் அசுசா தெரு எழுப்புதல் 1906இல் நடந்தது. அதை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாக இருந்தவர்களின் மகன். அதற்கு முந்திய ஆண்டில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல் உண்டானது. அதற்கும் முன்பாக, 1860இலேயே, திருநெல்வேலிச் சீமையில் அருளப்பனின் ஊழியத்தில் தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் வெளிப்பட்டன. அந்தச் சீமையிலிருந்து நம் மலைகளுக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. பாலின் சபையின் வெள்ளை உடை உடுத்த ஊழியக்காரர் லயத்து இஸ்தோப்பில் (திண்ணையில்) முழங்காலிட்டபோது, அந்தக் குடும்பங்களுக்கு அது முற்றிலும் அந்நியமாகத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நாவலப்பிட்டி மகள்

இந்த இழையை மூன்று நாட்களாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்து எடுக்காமல் தெய்வீக சுகத்தையே நம்புவது அந்தச் சபையின் உபதேசம். என் அம்மா அதை முழு மனதோடு ஏற்றவர். அவருக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்தது. கொழுந்து மலையில் கவ்வாத்துச் செய்த (வெட்டிவிட்ட) தேயிலைக் கட்டை ஒன்று காலில் குத்தி, விரலிடுக்கில் சின்னப் புண் உண்டானது. சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கழுவினார், ஜெபித்தார், மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். நான்காம் வாரம் சீலைத்துணியை அவிழ்த்தபோது வந்த மணத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் காலில் விழுந்து கேட்டேன். அவர் என் தலையில் கைவைத்து எனக்காக ஜெபித்தார். இரண்டு மாதத்தில் அவரை அடக்கம் செய்தோம்.

அவரைப் பார்க்க வந்த ஊழியக்காரச் சகோதரி மருந்து எடுக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எடுக்கலாம் என்றும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் அம்மா போயிருப்பார். இருபது ஆண்டுகளாக இந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

பாஸ்டர் பால் ஒரு மருத்துவரின் வீட்டில் வளர்ந்தவர் என்பதை இந்த இழையில்தான் அறிந்தேன். அந்த வீட்டுக்கு நோயாளிகள் வந்திருப்பார்கள், மருந்தால் தேறியவர்களையும் தேறாமல் போனவர்களையும் அவர் பார்த்திருப்பார். பிள்ளைகளுக்கு அவருடைய வாழ்க்கையைச் சொல்லுங்கள், விசுவாசத்தையும் சொல்லுங்கள். ஆனால் சுகம் பெற்றவர்களின் சாட்சிகளை மட்டும் சொல்லி, என் அம்மாவைப் போன்றவர்களை விட்டுவிடாதீர்கள். அம்மாவும் விசுவாசிதான்.

மஸ்கெலியா விசுவாசி

சகோதரி, உங்கள் தாயாருக்காகவும் உங்களுக்காகவும் என் மனம் நோகிறது. இதற்கு நான் வாதமாக ஒன்றும் எழுதமாட்டேன்.

ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். எங்கள் பாட்டி காலத்தில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் ஒரே போத்தலிலிருந்து மருந்து ஊற்றிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். பிள்ளை சாகக் கிடந்தாலும் பெரட்டில், அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், பெயர் விழ வேண்டும் என்ற நிலையில், இரவெல்லாம் லயத்து அறையான காம்பராவில் நோயாளியின் பக்கத்தில் முழங்காலில் இருந்தவர்கள் அந்த ஊழியக்காரர்கள் மட்டுமே. அந்த நன்றியில்தான் எங்கள் மூத்தவர்கள் அந்த உபதேசத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று டவுனில் ஆஸ்பத்திரி இருக்கிறது, பஸ் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. என் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறேன் என்பதை முதன்முதலாக இங்கேதான் எழுதுகிறேன்.

பண்டாரவளைப் பேரன்

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருதல் என்ற அர்ப்பணிப்பைப் பற்றிப் பேச வேண்டும். பாலின் வாழ்க்கையில் மலையகத்தை மிக ஆழமாகத் தொட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சபையின் ஊழியக்காரர்கள் திருமணம் செய்வதில்லை, சொத்து வைப்பதில்லை, சம்பளம் பெறுவதில்லை. விசுவாச வீட்டில் கூடி வாழ்கிறார்கள். பால் திருமணமாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகே அந்த வாழ்க்கைக்கு வந்தவர். ஆகவே அவர் விட்டுவந்தது கையில் இருந்த ஒரு குடும்பத்தை. இதைச் சொல்லும்போது அந்தக் குடும்பத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கொழும்பில் வீடும் காணியும் உள்ளவர் அவற்றை விற்றுச் சபைக்குக் கொடுக்கலாம். லயத்துக் காம்பராவில் பிறந்தவர் எதை விடுவார்? காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். கோடிப்புறத்து மரக்கறிப் பாத்தியும் தோட்டத்துக்குச் சொந்தம். அவருக்குச் சொந்தமாக இருந்தது செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், எழுதப்பட்ட ஒரு பெயர்தான்.

என் பாட்டனாரின் தம்பி பத்தொன்பது வயதில் ஊழியத்துக்குப் போனார். அப்போது வீட்டில் வேலைக்குப் போனவர்கள் மூன்று பேர். அவர் போன பிறகு இரண்டு பேர். அரிசியும் மாவும் வேலைக்குப் போகும் ஆட்களின் கணக்கில்தான் கிடைக்கும் என்பதால், வீட்டுக்கு வரும் கூலி குறைந்ததோடு பங்கும் குறைந்தது. காம்பராவில் இருக்க உரிமை வேலைக்கு ஆள் அனுப்புவதால்தான் வருகிறது என்று கணக்கப்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனார். என் பூட்டி அதன் பிறகு ஒரு மாதம் வரை பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிடும்போது, தம்பியின் பெயர் வருகிற இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாராம். அந்தப் பெயர் வராது. அடுத்த பெயர் வரும். இதை எனக்குச் சொன்ன பாட்டனார் சபையை ஒருநாளும் குறை சொன்னதில்லை. தம்பியின் வெள்ளை ஜிப்பாவைப் பெருமையோடு பார்த்தவர் அவர். ஆனால் தம்பி கொடுத்த காணிக்கையில் தன் அம்மாவின் ஒரு வேளைச் சோறும் இருந்தது என்று சொல்வார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எங்கள் தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்ற பிரிவு வெறும் இடப்பெயர் அன்று. அது சாதியின் பெயர். தண்ணீர்ப் பீலியில் யார் முதலில் குடம் வைப்பது என்பதற்குக்கூட ஒழுங்கு இருந்தது. அந்தத் தம்பி விசுவாச வீட்டில் இருந்தபோது, மேல் லயத்திலிருந்து ஊழியத்துக்கு வந்த ஒருவரோடு ஒரே பானைச் சோற்றைப் பகிர்ந்து உண்டார். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த என் பூட்டி, பீலிக்கரையில் நின்று அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம். அவர் மகனை இழந்ததற்குக் கிடைத்த ஈடு அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பானை வைக்கப்பட்டதன் தொடக்கத்தில், எசமானின் வீட்டில் மிச்சச் சோற்றை உண்டிருக்கக்கூடிய ஒரு சிறுவன் இருக்கிறான். ஆகவே கொட்டகலைத் தம்பி குசினியிலிருந்து தொடங்குவதே சரி.

கூடலூரிலிருந்து

நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாவை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாகக் கணக்குப் பிரித்தார்கள். எங்கள் வீடும் அந்தக் கணக்கில் பிரிந்தது. பெரியப்பா பொகவந்தலாவையில் நின்றார், நாங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம் வந்து, நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில் குடியேறினோம்.

இங்கே வந்த முதல் ஞாயிறு அம்மா தெருவில் வெள்ளை உடுத்த இரண்டு சகோதரிகளைக் கண்டு, பின்னாலேயே நடந்து போனார். அதே பாட்டு, ஆவியின் அபிஷேகத்துக்காக ஜெபித்துக் காத்திருக்கும் அதே காத்திருப்புக் கூட்டம். சபையின் பெயர் மட்டும் இந்தியாவில் 1984இல் தி பெந்தெகொஸ்தே மிஷன் என்று மாறியது, இலங்கையில் பழைய பெயரே இருக்கிறது. மலையாளக் கரையிலிருந்து கொழும்புக்குப் போன ஒருவர் தொடங்கிய சபை, கொழும்பிலிருந்து எங்களுக்கு முன்பே இந்தக் கரைக்கு வந்து எங்களுக்காகக் காத்திருந்தது. பரலோகக் குடியிருப்பைப் பற்றி அங்கே பிரசங்கிக்கும்போது, எந்த நாட்டுக் கடதாசியும் கையில் இல்லாமல் முப்பது ஆண்டுகள் இருந்தவர்கள் எப்படி அழுவார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கொட்டகலை வாசகன்

எல்லோருக்கும் நன்றி. நாவலப்பிட்டி அக்கா, உங்கள் தாயாரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பெயரும் ஊரும் சொல்லாமல் வாசிக்க உங்கள் அனுமதியைத் தனிமடலில் கேட்டிருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் வாசிக்கமாட்டேன். ஆனாலும் சுகத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் சுகம் பெறாத விசுவாசிகளையும் சொல்வேன். அதை முடிவு செய்துவிட்டேன்.

நேற்று என் உரையின் முதல் பக்கத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "கொழும்பில் ஒரு வேலைக்காரப் பையன் இருந்தான்" என்று தொடங்கியிருந்தேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். கொழும்பு வீட்டில் தன் பெயர் வாயில் நுழையவில்லை என்று வேறு ஒரு பெயர் வைத்துத்தான் ஒன்பது வருடமும் கூப்பிட்டார்கள் என்றார். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. அந்தப் பெயர் என்ன என்று கேட்டேன், சொல்லவில்லை. "அந்தப் பையனுக்கு அம்மா வைத்த பெயர் உனக்குத் தெரியும்தானே, அதை முதலில் சொல்லு" என்றார்.

மஸ்கெலியா ஐயா, ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் எசமான் வைத்த பெயர் அன்று, அவரே விரும்பி ஏற்ற பெயர் என்பதை அதற்கு அடுத்த பகுதியில் எழுதியிருக்கிறேன். தரிசனம் அங்கேதான் வருகிறது. உங்களுக்கு அனுப்புகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றியிருக்கிறோம். அத்தையும் வருவதாகச் சொன்னார், கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்குப் போய் உடை மாற்றி வர அவருக்கு அவ்வளவு நேரம் வேண்டும். முன் வரிசையில் ஒரு நாற்காலி வைத்து, வந்தவுடன் உட்காரச் சொல்லும்படி வாலிபர் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.